முதலில் கதை, பிறகு பட்டியல்: மனநல மருத்துவத்தில் நேர்காணல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சர்க்கரை நோயா என்று அறிய இரத்தம் எடுக்கிறோம். எலும்பு முறிந்ததா என்று அறிய எக்ஸ்ரே எடுக்கிறோம். மனநோய்ப் பிரிவிலும் இரத்தம் எடுப்பதுண்டு, ஸ்கேன் எடுப்பதுண்டு. அவை பெரும்பாலும் உடல்நோய் ஏதேனும் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தைராய்டு சுரப்பு குறைந்தவர் மனச்சோர்வு வந்தவரைப் போலவே சுணங்கிக் கிடப்பார். பி12 குறைந்தால் மறதி வரும். இவற்றை விலக்கிய பிறகு, இவருக்கு இருப்பது மனச்சோர்வா, மனச்சிதைவா, பதற்ற நோயா என்று முடிவு சொல்லும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. ஒருவர் கேட்கிறார், மற்றவர் சொல்கிறார். மருந்து, மருத்துவமனை, சில சமயம் வேலை, திருமணம், நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் அந்தப் பேச்சின்மேல்தான் நிற்கின்றன. அதைத்தான் மருத்துவ நேர்காணல் என்கிறோம்.

இந்தப் பேச்சை எவ்வளவு நம்பலாம், எப்படி நடத்தினால் நம்பலாம் என்பதே இன்றைய பொருள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நேர்காணலுக்கு இரண்டு கடமைகள் உண்டு. மருத்துவர் மாறினாலும் முடிவு மாறக் கூடாது என்பது ஒன்று. எதிரே இருப்பவரின் துன்பம் இன்னதென்று அறிவது மற்றொன்று. முதற்கடமைக்காக அரை நூற்றாண்டாக நிறைய உழைத்திருக்கிறோம். அந்த உழைப்பு வீணாகாமல் இருக்க வேண்டுமானால் இரண்டாவதை முன்னால் வைக்க வேண்டும்.

நியூயார்க்கும் லண்டனும்

1960களில் ஒரு புதிர் இருந்தது. அமெரிக்க மருத்துவமனைப் பதிவேடுகளில் மனச்சிதைவு நோயாளிகள் குவிந்திருந்தார்கள். பிரிட்டனின் பதிவேடுகளில் மனச்சோர்வும், மேனியா எனும் அளவுமீறிய உற்சாகமும் மாறிமாறி வரும் நோய் அதிகமாகத் தெரிந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் நோய் மாறுமா? அல்லது மாறுவது மருத்துவர்தானா?

இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் அரசு மருத்துவமனையில் 250 பேர், லண்டனுக்கு அருகிலுள்ள நெதர்ன் மருத்துவமனையில் 250 பேர் என்று புதிதாகச் சேர்ந்தவர்களை, ஒரே மாதிரி பயிற்சி பெற்றவர்கள், ஒரே நேர்காணல் முறையால் ஆராய்ந்தார்கள். 1972இல் முடிவு நூலாக வந்தது. மருத்துவமனைகளின் சொந்தப் பதிவில் இருந்த பெரிய வேறுபாடு, ஒரே முறையில் கேட்டபோது பெருமளவு மறைந்துவிட்டது.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், நோயாளிகளின் நேர்காணல்களைப் படம்பிடித்து இரு நாட்டு மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஓர் இளைஞரின் படத்தைப் பார்த்துவிட்டு மனச்சிதைவு என்று சொன்ன அமெரிக்க மருத்துவர்கள் 69 சதவீதம். அதே படத்தைப் பார்த்து அப்படிச் சொன்ன பிரிட்டன் மருத்துவர்கள் 2 சதவீதம். அதே முகம், அதே பேச்சு. முடிவை எழுதியது அவரவர் படித்த பள்ளி.

கட்டமைத்த நேர்காணல்

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்ததுதான் கட்டமைத்த நேர்காணல். எதைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும், எந்தப் பதிலை எப்படிக் குறிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது. லண்டனில் ஜான் விங் என்பவரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய ‘தற்போதைய மனநிலைப் பரிசோதனை’ இதில் முன்னோடி. 1974இல் வெளிவந்த அதன் 9ஆம் பதிப்பில் 140 குறிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் இக்கருவியின் முந்தைய பதிப்பைக் கொண்டு ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளை ஆராய்ந்தது. அந்த ஒன்பது மையங்களில் நம் ஆக்ராவும் ஒன்று. மொழியும் உணவும் சாமியும் வேறுவேறாக இருந்த இடங்களிலெல்லாம் மனச்சிதைவை ஒரே வகையில் அடையாளம் காண முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது.

விங் கருவியின் நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதில் கேள்விகள் அச்சிட்டிருக்கும். ஆனால் நோயாளி ‘ஆமாம்’ என்றதும் கட்டத்தில் குறித்துவிட முடியாது. துருவிக் கேட்டு, அந்தக் குறி இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு கேட்பவருடையது.

“பக்கத்துல யாருமே இல்லாதப்போ பேச்சுக் குரல் கேக்குதாம்மா?” என்று கேட்கிறோம். “கேக்குது” என்கிறார். இங்கே நின்றுவிட்டால் எதுவும் தெரியாது. கண் அயரும் நேரத்தில் இறந்துபோன கணவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்ததா? அது துக்கம், நோயில்லை. திருவிழாவில் அம்மன் அருள் வந்து வாக்குச் சொன்னதா? ஊரே ஏற்றுக்கொண்ட அனுபவம் அது. பட்டப்பகலில் விழித்திருக்கும்போது இரண்டு பேர் தன்னைப் பற்றியே, ‘இவ எழுந்துட்டா, இவ குளிக்கப் போறா’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? அப்போதுதான் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூவருடைய பதிலும் ‘ஆமாம்’தான்.

பின்னாளில் இதைவிடச் சுருக்கமான கருவிகள் வந்தன. 1998இல் வெளியான ‘மினி’ என்ற நேர்காணல், பெரும்பாலும் ‘ஆம், இல்லை’ என்ற பதிலோடு விரைவில் முடிந்துவிடும். பயிற்சி பெற்ற களப்பணியாளரே நடத்தலாம். பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு இதைத்தான் பயன்படுத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 34,802 பெரியவர்களிடம் வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 10.6 சதவீதம் பேருக்கு, அப்போது ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது என்ற எண் அங்கிருந்து வந்தது. நாளிதழில் அந்த எண்ணைப் படிக்கும்போது அதன் பின்னால் ஒரு திண்ணையும், ஒரு களப்பணியாளரும், பதில் சொல்லத் தயங்கிய ஒருவரும் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போனால் போதுமா?

வரையறை எழுதிவிட்டால் எல்லாரும் ஒத்துப்போய்விடுவார்கள் என்ற நம்பிக்கை 1980இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடான டிஎஸ்எம்-3இன் அடித்தளம். 33 ஆண்டுகள் கழித்து டிஎஸ்எம்-5 வெளிவந்தபோது அதற்கான களச்சோதனை முடிவுகளும் வந்தன. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே, தங்கள் வழக்கமான முறையில் பேசிப் பார்த்தார்கள். இருவரும் ஒத்துப்போவதை அளக்கும் ‘கப்பா’ என்ற எண், முற்றிலும் ஒத்துப்போனால் 1, தற்செயலாக ஒத்துப்போவதைவிட மேலாக எதுவுமில்லை என்றால் 0. மனச்சிதைவுக்கு அது 0.46. நாம் தினமும் பார்க்கும் மனச்சோர்வுக்கு 0.28தான். கையேடு இருவர் கையிலும் ஒன்றே. கேட்ட விதம் வேறு, அதனால் கிடைத்த விடையும் வேறு.

ஆகவே பட்டியலுக்கு முன்னால் நடப்பதைப் பார்ப்போம்.

நம் ஊர் ஓ.பி.யில் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருபவர் குறைவு. நெஞ்சுப் படபடப்பு, தலையில் எரிச்சல், கை கால் குடைச்சல், வாயு, அசதி, தூக்கமில்லை, நரம்புத் தளர்ச்சி என்றுதான் வருகிறார்கள். இதைப் படிக்காதவர்களின் அறியாமை என்று சிலர் நினைக்கிறார்கள். பெங்களூரில் ரகுராமும் மிட்செல் வைஸும் மற்றவர்களும் மனச்சோர்வு நோயாளிகளிடம் விரிவாகப் பேசி 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனத்துயரக் குறிகள் மிகுந்தவர்களிடம் அவமான உணர்வும் மிகுந்திருந்தது. உடல் உபாதைகள் மிகுந்தவர்களிடம் அவமானம் குறைந்திருந்தது. கை கால் வலி எல்லாருக்கும் வரும், அதை யாரிடமும் சொல்லலாம். மனசு உடைந்ததைச் சொன்னால் பெண் கொடுப்பார்களா, வேலையில் வைத்திருப்பார்களா என்ற கணக்கு நோயாளியின் உள்ளே ஓடுகிறது. எதை வெளியே சொல்லலாம் என்று யோசித்துத்தான் அவர் வருகிறார்.

கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் கண்டதும் இதையொட்டியதே. வெள்ளைப்படுதல் என்று வந்த பெண்களில் பலருக்குக் கிருமித் தொற்று இல்லை. அந்த முறையீட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவை மனத்துயரமும் குடும்பத்துக்குள் படும் பாடும்தான்.

அப்படியானால் உடலைப் பற்றிய முறையீட்டை ஒதுக்கிவிட்டு ‘மனசுல என்ன கவலை?’ என்று நேரே பாயலாமா? பாய்ந்தால் கதவு மூடிக்கொள்ளும். ‘எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றேன், இவர் என்னைப் பைத்தியம்னு நெனைக்கிறார்’ என்று எழுந்து போய்விடுவார். பிரிட்டனில் கிளின் லூயிஸ் முதலானோர் 1992இல் வெளியிட்ட ஒரு நேர்காணல் முறை உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் தங்கள் ஆய்வுகளில் அதைத் தமிழில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் 14 பகுதிகள். முதலில் உடல்வலி, அடுத்து அசதி, பிறகு கவனம், தூக்கம், எரிச்சல், அதன் பிறகே மனவாட்டம். உடம்பில் தொடங்கி மனத்துக்குப் போகும் அந்த வரிசை நம் மக்கள் பேசும் வரிசையோடு பொருந்தி வருகிறது. வலியை மதித்துக் கேட்டவரிடம் துயரத்தைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை.

இன்னொரு கேள்வியையும் நாம் மறந்துவிடுகிறோம்: ‘இது எதனால வந்துச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்க?’ மருத்துவராகவும் மானிடவியலாளராகவும் இருந்த ஆர்தர் கிளைன்மன் 1970களிலேயே இதை வற்புறுத்தினார். டிஎஸ்எம்-5 இதற்காகவே 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்றைச் சேர்த்தது; அதைச் சோதித்துப் பார்த்த இடங்களில் புனேயும் உண்டு.

நம்மிடம் இந்தக் கேள்விக்கு வரும் பதில் பல நேரம் ‘செய்வினை’ என்பதுதான். அதைக் கேட்டுச் சிரிப்பவரும் மருத்துவரல்லர், தலையாட்டுபவரும் மருத்துவரல்லர். ‘யார் வெச்சாங்க? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? வீட்டுல இருக்குறவங்களும் அப்படித்தான் நெனைக்கிறாங்களா?’ என்று மேலே கேட்க வேண்டும். பங்காளித் தகராறு, சொத்து வழக்கு, கைகூடாத திருமணம் என்று ஒரு வரலாறு வெளிவரலாம். அல்லது, வீட்டில் மற்றவர்கள் கோடாங்கி சொன்னதை அரைகுறையாக நம்ப, இவர் மட்டும் எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் சத்தத்திலேயே தனக்கான குறிப்பைக் கண்டுபிடித்திருக்கலாம். முன்னது ஊரின் நம்பிக்கை. பின்னது நோயின் குறி. நம்பிக்கையின் உள்ளடக்கத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அதற்கு வந்து சேர்ந்த வழியைக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

யார் பேசுவது?

மேலைநாட்டுப் பாடநூல்களில் நேர்காணல் என்றால் இரண்டு நாற்காலி. நம்மிடம் வருவது ஒரு குடும்பம். 1957இல் வேலூர் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கிய காலத்திலிருந்தே நோயாளியோடு உறவினரும் தங்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. நோயாளிக்குத் துணையாகவும், நோய் எப்போது, எப்படித் தொடங்கியது என்று சொல்லும் சாட்சியாகவும் குடும்பம் நமக்குப் பெரும் பலம்.

ஆனால் அந்தப் பலமே தடையாவதும் உண்டு. மருமகளைப் பார்த்து, “என்னம்மா பண்ணுது?” என்று கேட்டால், “அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறா” என்று மாமியார் பதில் சொல்கிறார். கணவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். இதில் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. “நீங்க சொல்றதையும் கேக்கறேன் அத்தை, முதல்ல அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் வெளிய உக்காந்திருங்க, உங்ககிட்டயும் தனியா பேசணும்” என்றால் மாமியாருக்கும் மதிப்புக் கெடாது, பெண்ணுக்கும் வாய் திறக்கும். அடி விழுகிறதா, கணவர் குடிக்கிறாரா, குழந்தை இல்லையென்ற பேச்சு தினமும் கேட்கிறதா என்பதெல்லாம் மாமியார் முன்னிலையில் ஒருநாளும் வெளிவராது. அதேபோல, மேனியாவில் இருக்கும் இளைஞர் ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். மூன்று நாளாகத் தூங்கவில்லை, வண்டியை விற்று ஊருக்கெல்லாம் பிரியாணி போட்டார் என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். இருவரையும் கேட்க வேண்டும். தனித்தனியே கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் அவர் அனுமதியின்றிப் போட்டு உடைக்கக் கூடாது.

கேட்கத் தயங்கும் கேள்விகள்

மூன்று கேள்விகளை இளம் மருத்துவர்கள் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, தற்கொலை எண்ணம். கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டியது போலாகும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, கேட்பதால் துயரமோ அந்த எண்ணமோ கூடுவதில்லை என்று காட்டியது. படிப்படியாகக் கேட்கலாம்: வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா, செத்துப்போனால் தேவலாம் என்று நினைத்ததுண்டா, அதற்கு ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா, உங்களைத் தடுத்து நிறுத்துவது எது. விவசாயக் குடும்பமாக இருந்தால் பூச்சிமருந்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாரிடம் கேட்டு, அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்வதும் நேர்காணலின் பகுதியே. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் நிறுவனர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பூச்சிமருந்தைப் பொதுவிடத்தில் பூட்டி வைத்துப் பார்த்த முயற்சி, எட்டாத இடத்தில் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்ற எண்ணத்தில் பிறந்தது. இந்த எண்ணம் வரும் எவரும் 14416 என்ற அரசின் டெலிமானஸ் உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இரண்டாவது, குடி. ‘குடிப்பீங்களா?’ என்றால் ‘எப்பவாவது’ என்பார். ‘ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர் ஆகுது? காலையில எழுந்ததும் கை நடுங்குதா, கொஞ்சம் போட்டாத்தான் நிக்குதா?’ என்று இயல்பாகக் கேட்டால் கணக்கு வரும்.

மூன்றாவது, மனச்சோர்வோடு வருபவரிடம் இதற்கு முன்பு எப்போதாவது நேரெதிராக இருந்ததா என்பது. தூக்கம் தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், கைக்காசெல்லாம் செலவழித்த காலம் உண்டா? இதைக் கேட்காமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், அதுவே சிலரை மேனியாவுக்குள் தள்ளிவிடும். ஒரு கேள்வியை விட்டதற்கு விலை இவ்வளவு.

நேரம் எங்கே?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வெளியே நூறு பேர் டோக்கனோடு நிற்கிறார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு ஆய்வுகளைப் பதிலாக வைக்கிறேன்.

1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர், மருத்துவரிடம் வந்தவர் தன் குறையைச் சொல்லத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று அளந்தார்கள். சராசரி 18 விநாடி. 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், மருத்துவர் குறுக்கிடாமல் இருந்தால் நோயாளி எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று 335 பேரிடம் அளந்தார்கள். சராசரி 92 விநாடி. ஐந்தில் நான்கு பேர் அளவில் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். பேசவிட்டால் முடிவே இராது என்பது நம் பயம்தான்.

அடுத்து, டேவிட் கோல்ட்பர்க்கும் சகாக்களும் மான்செஸ்டரில் குடும்ப மருத்துவர்களைக் கவனித்துக் கண்டது. மனநலச் சிக்கலைக் கண்டுபிடித்தவர்களுக்கும் தவறவிட்டவர்களுக்கும் இருந்த வேறுபாடு அவர்களுடைய நடத்தையில் இருந்தது. கண்டுபிடித்தவர்கள் தொடக்கத்தில் முகம் பார்த்தார்கள், கேஸ் ஷீட்டில் தலையைக் கவிழ்க்கவில்லை. திறந்த கேள்வியில் தொடங்கி, பிறகு குறுகலான கேள்விக்குப் போனார்கள். குரல் தழுதழுத்த இடத்தில் நின்று கேட்டார்கள். இவையெல்லாம் சொல்லிக்கொடுக்கக்கூடிய பழக்கங்கள். தாங்கள் நடத்திய நேர்காணலைப் படத்தில் பார்த்துத் திருத்திக்கொண்ட மருத்துவர்கள் தேறினார்கள் என்பதையும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின.

எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவம் இன்றும் தனித்தேர்வாக இல்லை. 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் நோயாளியோடு பேசும் திறனைப் பாடமாகச் சேர்த்தது நல்ல தொடக்கம். பாடமாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு மாணவர் ஊசி போடுவதை ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அதே மாணவர் ஒரு நோயாளியோடு பேசுவதை எத்தனை ஆசிரியர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்? மாணவர் எழுதிக் கொண்டுவரும் வரலாற்றைத்தான் பார்க்கிறோம். அந்த வரலாற்றை அவர் கேட்ட விதத்தைப் பார்ப்பதில்லை.

எனவே இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடமும் அதிகாரிகளிடமும் மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வொரு மனநல ஓ.பி.யிலும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். பத்துப் பேர் சுற்றி நிற்கும் மேசையில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பயிற்சி மருத்துவரின் நேர்காணலை ஆசிரியர் முழுதாக உட்கார்ந்து பார்த்துத் திருத்துவது மதிப்பெண்ணில் சேர வேண்டும். ஓ.பி.யில் உதவும் சமூகப்பணியாளர், உளவியலாளர், செவிலியர் ஆகியோருக்கும் கட்டமைத்த நேர்காணலில் முறையான பயிற்சி கொடுத்து, மருத்துவரின் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரே அறிவுரை. நாளைக் காலை ஓ.பி.யில் முதல் நோயாளி உட்கார்ந்ததும், “சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, பேனாவைக் கீழே வைத்து இரண்டு நிமிடம் கேளுங்கள். பிறகு பட்டியலை எடுங்கள். ஒன்றையும் விடாமல் கேளுங்கள். கதையை மட்டும் கேட்பவர் இரக்கமுள்ளவர், ஆனால் நோயைத் தவறவிடுவார். பட்டியலை மட்டும் கேட்பவர் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார், ஆனால் அந்த நோயாளி அடுத்த முறை வர மாட்டார். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய மருத்துவத்தில், அவர் திரும்பி வந்தால்தான் நாம் கண்டறிந்தது எதற்காவது பயன்படும்.

 வணக்கம்.